கேரன்டூஹில்: அரிவாளா, கோரைப்பல்லா? அயர்லாந்தோட உசரமான மலைக்கு பேர் வந்த கதை

கேள்வி இதுதான்: "அயர்லாந்துலயே உசரமான மலை கேரன்டூஹில்னு படிச்சேன். பேருக்கு அர்த்தம் தூஹல்ங்கறவரோட அரிவாள்னு ஒரு இடத்துல போட்டிருக்கு, தலைகீழ் அரிவாள்னு இன்னொரு இடத்துல போட்டிருக்கு, ஸ்பெல்லிங் மேப்புக்கு மேப் மாறுது. எதுதான் சரி, அந்த மலை சரியா எங்க இருக்கு?"

முதல்ல ஒரு சின்ன விஷயத்தை சொல்லிடறேன், ஏன்னா நம்மாளுங்க நிறைய பேர் இதுல ஏமாந்துடறாங்க, நானும் ஏமாந்தேன். கடைசில வர்ற "ஹில்" இங்கிலீஷ்ல குன்றுனு அர்த்தம் வர்ற ஹில் கிடையாது. ஐரிஷ் மொழில இருக்கற பேரை இங்கிலீஷ்காரங்க காதுல விழுந்தபடி எழுதினப்ப வால்ல ஒட்டிக்கிட்ட சத்தம் அது. சில பேர் அதுக்கு ரெண்டு எல் போட்டு எழுதிட்டாங்களா, பாக்கறவங்களுக்கு "கேரன்டூ" ஒரு பேர், "ஹில்" தனினு தோணிடுது. ஐரிஷ்ல அது கொரான் தூஹல், ரெண்டே வார்த்தை, அதுல மலைங்கற வார்த்தையே இல்ல.

இப்ப எங்க இருக்குனு பாப்போம். அயர்லாந்து மேப்பை எடுத்து தென்மேற்கு மூலையை பாத்தீங்கன்னா கைவிரலை விரிச்சு அட்லாண்டிக் கடலுக்குள்ள விட்ட மாதிரி நிலம் நீட்டிக்கிட்டு இருக்கும். வடக்க இருக்கற விரல் டிங்கிள், நடுவுல பெருசா இருக்கறது ஐவரா, தெக்க பேரா. இந்த விரல் வடிவம் சும்மா வந்ததில்ல. கிட்டத்தட்ட 30 கோடி வருஷத்துக்கு முன்னாடி தெக்க இருந்து வந்த அழுத்தத்துல இங்க இருந்த பாறை அடுக்கெல்லாம் கிழக்கு மேற்கா பாய் சுருக்கின மாதிரி மடிஞ்சுது. மடிப்போட மேடு பகுதில கெட்டியான செம்மணற்பாறை, பள்ளத்துல அதை விட சீக்கிரம் கரையற சுண்ணாம்புப் பாறை. சுண்ணாம்பு கரைஞ்சு பள்ளம் இன்னும் ஆழமாச்சு, பனியுகம் முடிஞ்சு கடல் மட்டம் ஏறினப்ப தண்ணி உள்ள புகுந்துடுச்சு, மேடு மட்டும் விரலா நின்னுடுச்சு. அந்த நடுவிரல்ல, கெர்ரி கவுண்டில, கில்லார்னி ஊருக்கு மேற்கால சுமார் 20 கிலோமீட்டர்ல இருக்கறதுதான் மெக்கிலிகடி ரீக்ஸ்ங்கற மலைத்தொடர், அதுல ஒரு சிகரம்தான் நம்ம கேரன்டூஹில். (மெக்கிலிகடினு எழுதறேனே தவிர ஊர்க்காரங்க "மக்லிகடி"னு வேகமா சொல்லி முடிச்சுடுவாங்க.)

உசரம் 1,039 மீட்டர், அதாவது 3,407 அடி. பழைய மேப்ல 3,414 அடினு இருக்கும், புது அளவுல கொஞ்சம் குறைஞ்சுடுச்சு, மலை ஒண்ணும் தேயல. இமயமலை பாத்தவங்களுக்கு 1,039 மீட்டர்னா சிரிப்பு வரும், ஊட்டியே இதை விட ரெண்டு மடங்கு உசரத்துல இருக்கு. ஆனா இங்க கிளம்பற இடமே கிட்டத்தட்ட கடல் மட்டம்தான், அட்லாண்டிக்ல இருந்து வர்ற மேகத்துக்கு முதல்ல மாட்டறதும் இந்த தொடர்தான், அதனால நம்பரை பாத்து எடை போடாதீங்க. மொத்த அயர்லாந்து தீவுல 1,000 மீட்டரை தொடற சிகரம் மூணுதான், மூணும் இங்கயே ஒட்டி ஒட்டி இருக்கு. கேரன்டூஹில், அடுத்தது பீன்கெரா, ஐரிஷ்ல அதுக்கு "பின் க்வீரக்"னு பேரு, அப்படின்னா செம்மறியாட்டு சிகரம். மூணாவது காஹர், அப்படின்னா கல்கோட்டை.

பேருக்கு வருவோம், இதுதான் சுவாரசியமான பகுதி.

கொரான்னா ஐரிஷ்ல அரிவாள். நம்ம வீச்சரிவாள் இல்ல, கதிர் அறுக்கற அரிவாள். தூஹல்ங்கறதுலதான் சிக்கல். அது ஒரு ஆம்பளப் பேரு, ரொம்ப பழைய பேரு. ஐரிஷ் புராணக் கதைல தூஹல் டெக்ட்வர்னு ஒரு ராஜா வர்றார், இன்னிக்கு உலகம் பூரா இருக்கற ஓ'டூல்ங்கற குடும்பப் பேரும் தூஹல்ல இருந்து வந்ததுதான். அந்த வழில போனா "தூஹலோட அரிவாள்". எந்த தூஹல், அவருக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம், மலை மேல அரிவாளை வச்சுட்டு எங்க போனாரு, ஒண்ணுக்கும் கதை இல்ல. ஐரிஷ்காரங்க எந்த பாறைக்கும் ஒரு கதை வச்சிருக்கறவங்க, நாட்லயே உசரமான மலைக்கு பேர் குடுத்த ஆளுக்கு மட்டும் கதை இல்லாம விட்டிருப்பாங்களாங்கறது எனக்கு ஒரு உறுத்தல்.

அதே தூஹல்ங்கற வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. இடப்பக்கமா, எதிர்த்திசைல, ஏறுக்குமாறா, அப்படி. இதை நமக்கு புரிய வைக்கறது ரொம்ப ஈஸி. பழைய ஐரிஷ்காரங்க கிழக்கப் பாத்து நின்னுதான் திசை சொன்னாங்க. அப்ப வலது கை தெக்க இருக்கும், இடது கை வடக்க இருக்கும். அதனால ஐரிஷ்ல டெஸ்ங்கற வார்த்தைக்கு வலதுனும் அர்த்தம், தெற்குனும் அர்த்தம். சமஸ்கிருதத்துல தட்சிணம்னா தெற்கு, வலதுன்னும் அர்த்தம், நம்ம பிரதட்சிணம், தட்சிணாமூர்த்தி எல்லாம் அதுல இருந்துதானே வருது, ரெண்டும் ஒரே மூல வேர்ல இருந்து வந்த வார்த்தைங்கன்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நாளாவே சொல்றாங்க. கிணறு, கல்லறை, கோயில் எதையும் சூரியன் போற திசைல வலமா சுத்தறதுக்கு ஐரிஷ்ல டெஷல்னு பேரு, அதுதான் நல்லது. எதிர்ப்பக்கமா இடமா சுத்தறது தூஹல், அது ஆகாது. வலம்புரி, இடம்புரி, அவ்வளவுதான்.

இப்ப அரிவாளோட சேத்துப் பாருங்க. "இடம்புரி அரிவாள்", இல்லன்னா "மாறிப்போன அரிவாள்". இந்த விளக்கத்தை குடுத்தவர் பி. டபிள்யூ. ஜாய்ஸ், 19ஆம் நூற்றாண்டுல ஐரிஷ் ஊர்ப்பேர்களை பத்தி பெரிய வேலை பண்ணினவர். அவர் சொல்றது என்னன்னா, கில்லார்னி பக்கம் இருந்து பாத்தா இந்த மலையோட விளிம்பு வளைஞ்சு இறங்கும், அந்த விளிம்பு பூரா பாறை பல்லு பல்லா நீட்டிக்கிட்டு இருக்கும். ஐரிஷ் அரிவாளுக்கு பல்லு உண்டு, நம்ம கருக்கரிவாள் மாதிரியே. ஆனா கருக்கரிவாள்ல பல்லு உள்பக்க வளைவுல இருக்கும், அப்பதான் கதிரை இழுத்து அறுக்க முடியும். இந்த மலைல பல்லு இருக்கறது வெளிப்பக்க வளைவுல. அதனாலதான் தலைகீழ் அரிவாள்னு பேரு வச்சாங்கன்னு சொல்றார். பனைமட்டையை கைல எடுத்து பாத்தவங்களுக்கு கருக்கு எப்படி இருக்கும்னு தெரியும், அந்த ஓரத்தை வெளிப்பக்கமா வளைச்சு வானத்துல நிறுத்தினா எப்படி இருக்குமோ அப்படி.

இலக்கணம் நமக்கு உதவாது. எழுதறப்ப "தூஹல்" ஆறாம் வேற்றுமைல வருது, ஆள் பேரா இருந்தாலும் திசை வார்த்தையா இருந்தாலும் ஒரே உருவம்தான். பெரிய எழுத்து சின்ன எழுத்து வச்சு கண்டுபிடிக்கலாமான்னா ஊர்ப்பேர்ல ரெண்டாவது வார்த்தைக்கும் பெரிய எழுத்து போட்டுடறாங்க. அரசாங்கத்தோட ஊர்ப்பேர் கிளை அதிகாரபூர்வமா குடுத்திருக்கற ஐரிஷ் வடிவம் கொரான் தூஹல்தான், அது ரெண்டு விளக்கத்துக்கும் இடம் குடுக்குது.

மூணாவது ஒண்ணும் இருக்கு, இதை பொதுவா யாரும் சொல்றதில்ல. 1800களோட தொடக்கத்துல கில்லார்னி பகுதியை பத்தி எழுதின ஐசக் வெல்ட், இந்த மலைப் பேரை கெரான்-டுவெல்னு எழுதறார். இங்க ஒரு தமாஷ், தமிழ்ல எழுதினா உங்களுக்கு வித்தியாசமே தெரியாது, ஏன்னா நம்ம க-வுக்கு ரெண்டு வேலை. அவர் எழுதினது கணேசன்ல வர்ற ஜி சத்தம், கண்ணன்ல வர்ற சி சத்தம் இல்ல. அந்த ஜி-யை வச்சு சில பேர் என்ன யோசிக்கறாங்கன்னா, முதல் வார்த்தை கொரானே இல்லயோ, கேரான்ங்கற வேற வார்த்தையோ, அப்படின்னு. கேர்னா கூர்மை. கேரான்னா கோரைப்பல். கெர்ரில வேற மலைகளுக்கும் இந்த பேர் உண்டு, பக்கத்து டிங்கிள் விரல்ல பிராண்டன் மலைத்தொடர்லயே கேரான்னு ஒரு சிகரம் இருக்கு. அதனால ஒரேயடியா தள்ளிவிடவும் முடியாது.

என் ஓட்டு எதுக்குன்னா, அரிவாளுக்குதான், ஆனா தூஹல்ங்கற ஆளுக்கு இல்ல. மாறிப்போன அரிவாள்தான் எனக்கு நம்பறாப்ல இருக்கு. காரணம் ரெண்டு. ஒண்ணு, ஆளுக்கு கதை இல்லைனு மேல சொன்னது. இன்னொண்ணு, சுத்தி இருக்கற பேர் எல்லாத்தையும் பாத்தீங்கன்னா எல்லாமே பாத்த உடனே தோணற உருவத்தை வச்சுதான் இருக்கு, முக்கியமா கீழ பள்ளத்தாக்குல நிக்கறவன் கண்ணுக்கு தெரியற உருவம்.

அதை கொஞ்சம் விரிவா சொல்லணும். மலை ஏறப் போறவங்க பெரும்பாலும் நுழையற வழிக்கு ஹேக்ஸ் கிளென்னு பேரு, கிழவி பள்ளத்தாக்கு. இந்த கிழவி யாரோ ஒரு பாட்டி இல்ல, கைலக்னு ஐரிஷ் கதைகள்ல வர்ற ஆதிகாலத்து கிழவி, குளிர்காலம், காத்து மழை, மலை, பாறை எல்லாத்தோடயும் சேத்து பேசப்படற ஆளு. பள்ளத்தாக்குக்குள்ள ரெண்டு ஏரி, ஒண்ணு லாக் கேலி, கிழவியோட ஏரி, இன்னொண்ணு லாக் கூரா. மேல பாத்தா வலப்பக்கம் கூரா ஒரு பாறை குத்திக்கிட்டு நிக்கும், அது ஹேக்ஸ் டூத், கிழவிப்பல்லு. எதிர்ப்பக்க சரிவுல ஒரு முதுகு இறங்கும், அதுக்கு பேரு எலும்பு. நேரா எதிர்ல சரளைக்கல்லா சரிஞ்சு கிடக்கற இடுக்கு டெவில்ஸ் லேடர், சாத்தான் ஏணி. இன்னும் கிழக்கால போனா க்னொக் ந பேஷ்டே, பாம்பு மலை, அதுக்கு கீழ இருக்கற ஏரிக்கும் அதே பாம்புப் பேருதான். (அந்த ஏரி பக்கத்துலதான் 1943 டிசம்பர்ல ஒரு அமெரிக்க டகோட்டா விமானம் மோதி அதுல இருந்த 5 பேரும் இறந்துபோனாங்க, அதோட உடைஞ்ச பாகம் இன்னும் அங்க கிடக்கு.) அடுத்தது மால்லான் பீ, மஞ்ச மொட்டை. பல்லு, எலும்பு, மொட்டை, அரிவாள். மேல நின்னு பாக்கறவன் வைக்கற பேரா இது? மாட்டை ஓட்டிக்கிட்டு கீழ நிக்கறவன் நிமிந்து பாத்து வச்ச பேரு.

ஏன்னா அங்க இருந்தவங்களுக்கு சிகரத்தால பைசா பிரயோஜனம் இல்ல. கோடைல மாட்டை மேய்ச்சலுக்கு மேல ஓட்டிட்டு போய் சின்ன குடிசை போட்டு தங்கறது அயர்லாந்துல ரொம்ப நாள் இருந்த வழக்கம். அவங்களுக்கு தேவை பள்ளத்தாக்கு, ஏரி, புல்லு, கணவாய், எந்த சரிவுல மாடு உருண்டு விழும்ங்கற அறிவு. அதனால அதுக்கெல்லாம் நுணுக்கமா பேர் இருக்கு. இதுல எது எல்லாத்தையும் விட உசரம்ங்கறது யாருக்கும் கேள்வியா இருந்ததில்ல, பக்கத்துல பக்கத்துல மூணு சிகரம் 40 மீட்டருக்குள்ள வித்தியாசத்துல நின்னா கீழ இருந்து பாத்து சொல்லவும் முடியாது. அதனாலதான் பழைய ஐரிஷ் நூல்கள்ல கேரன்டூஹில் பேரையே காணோம். கிட்டத்தட்ட 200 மீட்டர் குட்டையான மங்கர்டன் பேர் இருக்கு, மேயோ கவுண்டில இருக்கற 764 மீட்டர் க்ரோ பேட்ரிக் பேர் இருக்கு, எல்லாத்துக்கும் பெரியவனுக்கு இல்ல. கில்லார்னிக்கு ஆரம்பத்துல வந்த டூரிஸ்ட்டுங்களும் குதிரை மேல உக்காந்து மங்கர்டனுக்குதான் போனாங்க. உசரம்ங்கறது அளக்கறவன் வந்த பிறகு வந்த கவலை.

அளக்கறவன் வந்தது 1824ல. ஆர்ட்னன்ஸ் சர்வேனு பிரிட்டிஷ் ராணுவத்தோட சர்வே துறை, தாமஸ் கோல்பி தலைமைல, அயர்லாந்து பூராவையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் கணக்குல வரைய ஆரம்பிச்சாங்க. மேப் ஆசைல இல்ல, நில வரி சரியா போடணும், அதுக்கு ஒவ்வொரு டவுன்லேண்டுக்கும் எல்லை தெரியணும். டவுன்லேண்டுன்னா கிராமத்தை விட சின்ன நிலப் பிரிவு, அயர்லாந்துல அப்படி 60,000க்கு மேல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஐரிஷ்ல பேரு. வரையறவன் இங்கிலீஷ்காரன், சொல்றவன் ஐரிஷ் பேசற விவசாயி, நடுவுல எழுத்து என்ன பாடு படும்னு யோசிச்சு பாருங்க, திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கின அதே ஆளுங்கதானே. ஆனா இங்க ஒரு நல்லது நடந்துச்சு. 1830ல ஜான் ஓ'டோனவன்னு ஐரிஷ் நல்லா தெரிஞ்ச அறிஞரை வேலைக்கு வச்சாங்க. அவர் ஊர் ஊரா போய் வயசானவங்க கிட்ட பேரை எப்படி சொல்றாங்கனு கேட்டு, பழைய ஏடுகளோட ஒப்பிட்டு, ஐரிஷ் வடிவத்தை நோட்டுல குறிச்சு வச்சார். மேப்ல அச்சடிச்சது இங்கிலீஷ் ஆக்கின வடிவம்தான், ஆனா அந்த நோட்டு இல்லன்னா இன்னிக்கு பாதிப் பேருக்கு அர்த்தமே தேட முடியாது. தீவு முழுசும் வரைஞ்சு முடிக்க 1846 ஆச்சு.

உங்க ஸ்பெல்லிங் கேள்விக்கு பதில் இதுலயே இருக்கு. ஐரிஷ்ல டி-எச் சேந்து வந்தா சத்தம் வெறும் ஹ-தான், அதுவும் பாதி முழுங்கின ஹ. தூ-வுக்கும் ல்-லுக்கும் நடுவுல ஒரு மூச்சுக் காத்து, அவ்வளவுதான். அதை இங்கிலீஷ்ல ஒருத்தர் ரெண்டு ஓ போட்டு எழுதினார், ஒருத்தர் யூ-ஓ போட்டார், ஒருத்தர் ஹ-வையே விட்டுட்டார், ஒருத்தர் கடைசில ரெண்டு எல் போட்டார். முதல் பாதிலயும் அதே கதை. தெற்கு அயர்லாந்து ஐரிஷ்ல ரெண்டாவது அசை நெடிலா இருந்தா அழுத்தம் அதுமேலதான் விழும், கொரான்ல "ரான்" மேல அழுத்தம், அதைப் பிடிச்சு எழுதினவங்க "ரான்"க்கு ஏ-யூ-என் போட்டாங்க, பிடிக்காதவங்க வெறும் ஏ-என் போட்டுட்டாங்க. எதுவும் தப்பில்ல, எதுவும் முழுசா சரியும் இல்ல. உண்மைல இந்த பேரை எழுத இங்கிலீஷை விட தமிழ் தேவலை, ஏன்னா ஐரிஷ்ல அந்த டி நாக்கு பல்லுல படற சத்தம், அச்சு அசல் நம்ம த. கொரான் தூஹல்னு நீங்க தமிழ்ல படிக்கறது லண்டன்காரர் சொல்றதை விட ஐரிஷுக்கு கிட்ட இருக்கும். ஆனா இன்னிக்கு கெர்ரில இங்கிலீஷ்ல பேசறப்ப ஊர்க்காரங்களே "கேரன்-டூல்"னுதான் சொல்றாங்க, அழுத்தம் டூ மேல, ஹ காதுலயே விழாது.

தொடரோட பேர்லயும் ஒரு வேடிக்கை இருக்கு. ரீக்ஸ்ங்கறது பழைய இங்கிலீஷ் வார்த்தை, வைக்கப்போர்னு அர்த்தம். ஐரிஷ்ல இந்த தொடருக்கு ந க்ரூஹ டுவ, கருப்புப் போர்கள், சண்டைப் போர் இல்ல, அடுக்கி வச்ச போர். அந்த ஊர்ல வைக்கோலை மட்டும் இல்ல, அடுப்பெரிக்க சதுப்பு நிலத்துல வெட்டி எடுக்கற கரி மண்ணையும் போரா அடுக்கி வைப்பாங்க, அதுக்கும் க்ரூஹ்னுதான் பேரு. மழை நாள்ல இந்த தொடரை தூரத்துல இருந்து பாத்தா வரிசையா அடுக்கின கருப்பு போர்தான். மெக்கிலிகடிங்கறது அங்க நிலம் வச்சிருந்த குடும்பம், ஓ'சலிவன் வம்சத்தோட ஒரு கிளை. அவங்க பேரை ஐரிஷ்ல பிரிச்சா மக் கில்ல மொஹுடா, அதாவது மொஹுடாவோட தாசனோட மகன். கில்லன்னா தாசன், நம்ம ஊர்ல முருகதாஸ், ராமதாஸ் வைக்கற மாதிரி ஒரு துறவி பேரோட சேத்து வைக்கற வழக்கம். மொஹுடா 637ல இறந்துபோன லிஸ்மோர் ஊர் துறவி.

துறவின்னு சொன்னதும் ஞாபகம் வருது, அயர்லாந்துல முக்கியமான மலைங்க நிறைய துறவி பேருக்கு மாறிடுச்சு. வட அயர்லாந்துல உசரமான ஸ்லீவ் டோனர்டுக்கு பழைய பேரு ஸ்லீவ் ஸ்லாங்கா, புராணப்படி அயர்லாந்தோட முதல் வைத்தியன் ஸ்லாங்கா அங்க புதைக்கப்பட்டதா ஐதீகம், அப்பறம் டோவங்கர்ட்னு ஒரு துறவி பேருக்கு மாறி டோனர்ட் ஆச்சு. க்ரோ பேட்ரிக்குக்கு பழைய பேரு க்ரூஹன் அய்க்லே, பேட்ரிக் அங்க 40 நாள் விரதம் இருந்தார்ங்கற நம்பிக்கைல பேர் மாறிடுச்சு, இன்னிக்கும் ஜூலை கடைசி ஞாயித்துக்கிழமை ஆயிரக்கணக்குல ஜனங்க ஏறறாங்க, சிலர் வெறுங்காலோட. பிராண்டன் மலை பிரெண்டன்ங்கற துறவி பேரு. எங்கெல்லாம் யாத்திரை போனாங்களோ அங்கெல்லாம் பேர் மாறுச்சு. கேரன்டூஹிலுக்கு யாரும் யாத்திரை போகல, அதனால அது அரிவாளாவே தப்பிச்சுடுச்சு. தொடர் பேருக்குள்ள மட்டும் மொஹுடா சத்தமில்லாம உக்காந்திருக்கார்.

இப்ப மேல போனீங்கன்னா ஒரு இரும்பு சிலுவை நிக்கும், கிட்டத்தட்ட 5 மீட்டர் உசரம். 1950கள்ல மரத்துல வச்சாங்க, 1976ல இரும்புக்கு மாத்தினாங்க. 2014 நவம்பர்ல யாரோ ராத்திரியோட ராத்திரியா கட்டிங் மெஷின் எடுத்துட்டு போய் அறுத்து தள்ளிட்டாங்க, பெரிய சர்ச்சை ஆச்சு, கொஞ்ச நாள்லயே ஊர்க்காரங்க திரும்ப நிமித்தி வச்சுட்டாங்க. இன்னொண்ணு, நாட்டோட உசரமான இடம்னதும் அரசாங்க நிலம்னு நினைப்போம், அப்படி இல்ல, ரீக்ஸ் பெரும்பாலும் அங்க ஆடு மேய்க்கற விவசாயிங்களோட தனியார் நிலம். அவங்க விடறதாலதான் நாம ஏறறோம், வேலில கேட் இருந்தா திரும்ப சாத்திட்டு போறது, நாயை கூட்டிட்டு போகாம இருக்கறது எல்லாம் அதுக்கான மரியாதை.

மலையோட உருவம் எப்படி வந்துச்சுனும் ஒரு வரி சொல்லிடறேன், ஏன்னா பேருக்கும் அதுக்கும் நேரடி தொடர்பு இருக்கு. பனியுகத்துல பனிப்பாறை ஒரு சரிவுல உக்காந்து கரண்டில ஐஸ்கிரீம் வழிக்கற மாதிரி மலையை குடைஞ்சு எடுக்கும், அந்த அரைக்கிண்ணத்துக்கு ஐரிஷ்ல கூம்னு பேரு. ஒரு மலையோட ரெண்டு பக்கமும் இப்படி குடைஞ்சா நடுவுல மிஞ்சறது கத்தி மாதிரி ஒரு விளிம்பு. கேரன்டூஹிலையும் பீன்கெராவையும் இணைக்கற முகடு அப்படிப்பட்டதுதான், காத்து நாள்ல கை கால் ரெண்டையும் ஊனித்தான் போகணும். அந்த முகட்டுக்கு கீழ படிக்கட்டு மாதிரி மூணு அடுக்கா கூம் இருக்கு, ரொம்ப மேல இருக்கற கூம்ல சுமார் 700 மீட்டர் உசரத்துல ஒரு குட்டி ஏரி, அயர்லாந்துலயே உசரத்துல இருக்கற ஏரி அதுதான், அதோட பேருக்கு அர்த்தமே மேல் கூம். பனிப்பாறை குடைஞ்ச வளைவும் பல்லு பல்லா விட்டுட்டு போன விளிம்பும் இல்லன்னா அரிவாள்னு யாருக்கும் தோணியே இருக்காது.

நான் அயர்லாந்துல கார்க் நகரத்துல வேலை பாத்த காலத்துல ரெண்டு தடவை ஏறியிருக்கேன். முதல் தடவை சாத்தான் ஏணி வழியா, கால் வச்ச கல்லு எல்லாம் நகருது, முன்னாடி போறவர் தட்டிவிட்ட கல்லு நம்மளை நோக்கி உருண்டு வருது, மேல போய் சேந்தா சிலுவையோட அடிப்பாகம் மட்டும்தான் தெரிஞ்சுது, மத்ததெல்லாம் மேகம், 1,039 மீட்டர்ல நின்னு என் ஷூவைத்தான் பாத்தேன். ரெண்டாவது தடவை வானம் திறந்திருந்துச்சு, கடல், டிங்கிள் விரல், ஏரி எல்லாம் தெரிஞ்சுது, அரிவாளை மட்டும் காணோம். எப்படி தெரியும், நான் நின்னதே அரிவாள் மேல. இறங்கறப்ப ஜிக்ஜாக்னு சொல்ற பாதைல வந்தேன், இறங்கறதுக்கு அதுதான் நல்லது, ஏணியை விட சுத்து ஆனா முட்டிக்கு தேவலை.

நீங்க போறதா இருந்தா அந்த வளைவைப் பாக்க ஏறணும்னு கூட அவசியம் இல்ல. ஜாய்ஸ் சொன்ன மாதிரி கில்லார்னி பக்கம் இருந்து பாருங்க, காலைல, முந்தின நாள் மழை பெஞ்சு விட்டிருந்தா இன்னும் நல்லது, வெளிச்சம் பளிச்னு இருக்கும். ஏறியே ஆகணும்னா க்ரோனின்ஸ் யார்டுனு ஒரு இடம் இருக்கு, கார் விட்டுட்டு டீ குடிச்சுட்டு அங்க இருந்துதான் கிழவி பள்ளத்தாக்குக்குள்ள நடக்க ஆரம்பிப்பாங்க, போய் வர 5, 6 மணி நேரம் வச்சுக்கோங்க. வழி கேக்கறப்ப "கேரன்டூல்"னு கேளுங்க. கடைசில ஹில் சேத்து கேட்டாலும் வழி காட்டுவாங்க, டூரிஸ்ட்டுனு மட்டும் தெரிஞ்சுடும்.